விடுமுறைக்கு எங்கே போவது?

ஏப்பிரலிலும் ஓகஸ்டிலும் டிசெம்பரிலும் பாடசாலைகள் மூடப்பட்டதும், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்து வீடுகளிலும் ஒரே கேள்வி எழுகின்றது. "இம்முறை எங்கே போகப் போகிறோம்?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். தந்தையார் கையிலுள்ள பத்திரிகையைச் சற்று உயர்த்தி முகத்தை மறைத்துக் கொள்கிறார். தாயாருக்கு அடுக்களையில் அவசர வேலை வந்துவிடுகிறது. இருவரிடமும் விடை இல்லை என்பதே இதன் பொருள்.

பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காவையே. வானளாவிய இராட்டினத்தையும் நீர்ச்சறுக்கையும் தலைகீழாகப் பாயும் வண்டியையும் கைத்தொலைபேசியின் சிறு திரையில் நாள்தோறும் காணும் பிள்ளைகள் அவற்றை நேரிலும் காண விரும்புதல் இயல்பே. அதைக் குற்றமென்று கூறுதல் முறையன்று. ஆனால், ஒரு நாட் களிப்புக்காகப் பல மாத நிம்மதியை ஈடுவைக்க வேண்டிய நிலை வரும்பொழுது, குடும்பத் தலைவரும் தலைவியும் அமர்ந்து சிந்திக்கத்தான் வேண்டும். அந்தச் சிந்தனைக்கு நம்மாலான துணையைச் செய்ய விரும்புகிறோம். அதனுடன் வாசகர்களை இந்நகரிலேயே ஓர் உலாவுக்கும் அழைத்துச் செல்ல எண்ணுகிறோம்.

ஒரு டொலரில் தொடங்கிய கதை

உலகிலுள்ள கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றுக்கு வழிகாட்டியாக விளங்குவது அமெரிக்காவின் டிஸ்னிலாந்து ஆகும். வால்ட் டிஸ்னி என்பார் அதனைக் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில் 1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி திறந்து வைத்தார். அன்று பெரியவர் ஒருவருக்கு வாயிற் கட்டணம் 1 டொலர். உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் சில சதங்கள் தனியே செலுத்த வேண்டும். விரும்பியோர் ஏறலாம், விரும்பாதோர் மரநிழலில் அமர்ந்து வேடிக்கை பார்த்துத் திரும்பலாம். 1982ஆம் ஆண்டில் சவாரிச் சீட்டு முறை ஒழிந்தது. வாயிலிலேயே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்றாயிற்று. 2016ஆம் ஆண்டிலிருந்து நாளுக்கு ஒரு விலை என்னும் வழக்கமும் வந்து சேர்ந்தது. கூட்டம் குறைந்த நாளில் விலை குறைவு. பாடசாலை விடுமுறையில் விலை அதிகம். 2024ஆம் ஆண்டில், மிகுந்த நெரிசலுள்ள நாட்களுக்கான ஒருநாட் சீட்டு 206 டொலரை எட்டியது.

1955இல் இருந்த 1 டொலரின் பெறுமதி, பணவீக்கத்தை மட்டும் கணக்கிட்டால், 2024இல் ஏறத்தாழ 12 டொலரே ஆகும். அந்த 1 டொலரில் சவாரிகள் அடங்கவில்லை என்பது உண்மை. அதையும் கழித்துப் பார்த்தாலும், பொதுவான விலையேற்றத்தைக் கேளிக்கையின் விலை வெகுதூரம் முந்திவிட்டமை விளங்கும். ஒரு டொலரை 300 ரூபா என்று கொண்டால், 206 டொலர் என்பது 61,800 ரூபா. அதுவும் ஒருவருக்கு, ஒரு பகற்பொழுதுக்கு.

நாளுக்கு ஒரு விலை என்னும் இம்முறையினால் முதலில் இடருறுவோர் பிள்ளைகளை உடையவர்களே. தனியாள் எந்த நாளிலும் போகலாம். பள்ளிப் பிள்ளை உள்ள இல்லத்தார் விடுமுறை நாளில் மட்டுமே போக முடியும். அந்நாளிலேயே விலையும் உச்சத்தில் நிற்கும்.

நம் வாசல் வரை வந்த விலை

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று சிலர் வினவலாம். நமது நாட்டிலும் ஹங்வெல்லையில் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவில் பேர்ல் பே எனப் பூங்காக்கள் உள்ளன. கொழும்பு நகரின் நடுவே தாமரைக் கோபுரம் 2022 செப்ரெம்பர் 15ஆம் திகதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அப்பொழுது உள்நாட்டவருக்கு 500 ரூபாவும் 2,000 ரூபாவுமாக இருவகைச் சீட்டுக்கள் விற்கப்பட்டன. பெரியவர் நால்வர் சென்றால் 2,000 ரூபாவோ 8,000 ரூபாவோ ஆகும். அதே ஆண்டில் ஓர் இறாத்தல் பாணுக்கும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கும் கணக்குப் பார்த்த இல்லங்களில், இத்தொகை எத்துணைப் பெரிதாகத் தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறக்க முடியாது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, அவ்வாண்டு செப்ரெம்பரில் விலைவாசி ஓராண்டுக்கு முன்னிருந்ததை விட 69.8 வீதமும், உணவுப் பண்டங்களின் விலை 94.9 வீதமும் உயர்ந்திருந்தன. அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர், யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. அவ்வாண்டின் முற்பகுதியில் 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி, படிப்படியாக உயர்ந்து 2024 சனவரி முதலாந் திகதி 18 வீதத்தை அடைந்தது. பின்னர் எரிபொருள் விலை ஓரளவு இறங்கியது. விலைவாசி ஏறும் வேகமும் தணிந்தது. ஆனால், வேகம் தணிந்தது என்பது வேறு. ஏறிய விலை இறங்கியது என்பது வேறு. வீட்டுக் கணக்கெழுதும் இல்லத்தரசியர் இவ்வேறுபாட்டை நிதியமைச்சர்களை விட நன்கறிவர்.

பூங்காவின் வாயிற் கட்டணம் செலவின் ஒரு பகுதியே. வான் வண்டிக்கு வாடகை, வழியிற் சிற்றுண்டி, உள்ளே உணவு, பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும் விளையாட்டுப் பொருள் ஆகிய யாவும் சேர்ந்தே முழுத் தொகையாகின்றன. வெளியிலிருந்து உணவு கொண்டு செல்லலாமா என்பதை முன்னரே கேட்டறியாதவர்கள் இருமடங்கு செலவு செய்து திரும்புவர்.

கேளாத பிள்ளை

கொட்டாஞ்சேனையில் நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. கணவர் ஓர் அச்சகத்திற் பணிபுரிகிறார். இரண்டு பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன் ஓகஸ்ட் விடுமுறையில், மனைவியின் தமையனார் ரொறொன்ரோவிலிருந்து குடும்பத்துடன் வந்து வெள்ளவத்தையில் தங்கியிருந்தார். எல்லோருமாக ஒரு நாள் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவதென்று முடிவாயிற்று. எல்லோருக்கும் தாமே சீட்டு வாங்குவதாக மைத்துனர் அன்போடு கூறினார். அச்சகக்காரரோ தன்மானம் மிக்கவர். "வேண்டாம் மச்சான், எங்கள் பங்கை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பங்குக்காக மனைவியின் இரு காப்புக்கள் அடைவு கடைக்குச் சென்றன. பயணம் இனிதே நிறைவேறியது, பிள்ளைகளும் மகிழ்ந்தனர். ஆனால், ஒன்பது மாதங்கள் வட்டி கட்டிய பின்னரே காப்புக்கள் வீடு திரும்பின. அந்த ஒன்பது மாதமும் தாயின் வெறுங்கையை மூத்த பெண்பிள்ளை கவனித்து வந்திருக்கிறாள். அடுத்த விடுமுறை வந்தது. எங்கே போவது என்று அவள் கேட்கவேயில்லை. தம்பி கேட்க வாயெடுத்தபொழுது அவனையும் தடுத்துவிட்டாள். கேட்கும் பிள்ளைக்கு விடை கூற இயலாமையை விட, கேளாத பிள்ளையைக் காண்பதே தமக்குப் பெருந் துன்பமாக இருந்ததென்று அத்தாயார் நம்மிடம் கூறினார்.

வெளிநாட்டு உறவினரின் வருகை நம்மவர் இல்லங்களுக்குப் பெருமகிழ்ச்சி தருவது. ஆயினும், டொலரில் உழைப்பவரின் விடுமுறையும் ரூபாவில் உழைப்பவரின் விடுமுறையும் ஒன்றாகா. இதை வெளிப்படையாகப் பேசுவதில் இழுக்கில்லை. வருகின்றவர்களும் இதை உணர்ந்து, தாமே முதலிற் செலவற்ற இடங்களைத் தெரிவு செய்வராயின் அதுவே சிறந்த அன்பளிப்பு எனலாம்.

வெள்ளவத்தையார் வடக்கே, கொட்டாஞ்சேனையார் தெற்கே

இனி உலாவைத் தொடங்குவோம். நம் யோசனை எளியது. வெள்ளவத்தையார் கொட்டாஞ்சேனைக்குச் செல்க. கொட்டாஞ்சேனையார் வெள்ளவத்தைக்கு வருக. இவ்விரு பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் செறிந்து வாழ்கின்றன. எனினும், திருமண வீட்டுக்கும் மரண வீட்டுக்குமன்றி ஒரு பகுதியார் மறு பகுதிக்குச் செல்வது அரிது. பிள்ளைகளுக்கோ அப்பகுதி முற்றிலும் புதிய ஊர்.

வெள்ளவத்தையிலிருந்து புறப்படுவோர் பஸ் வண்டியை விடுத்துப் புகையிரதத்தில் ஏறுவார்களாக. கரையோரப் பாதையில் வடக்கு நோக்கிச் செல்கையில் இடப்புறத்து யன்னலில் இடம் பிடித்தல் வேண்டும். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி நிலையங்களைக் கடக்கும் வரை கடல் கூடவே ஓடி வரும். அலையின் திவலை யன்னல் வழியே முகத்திற் படும் நாட்களும் உண்டு. பெருந்தொகை கொடுத்து நீர்ச்சறுக்கில் நனையும் பிள்ளைகள், இச்சிறு திவலைக்கும் அதே கூச்சலைப் போடுகின்றனர் என்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

கோட்டை நிலையத்தில் இறங்கிப் பஸ் வண்டியிற் கொட்டாஞ்சேனையை அடையலாம். முதலிற் காண வேண்டியது பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். பொன்னம்பல முதலியார் அமைத்த இவ்வாலயத்தை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு தொடங்கி 1912ஆம் ஆண்டு வரை முற்றிலும் கருங்கல்லால் திருப்பணி செய்வித்தார். நகரின் வெயிலிலிருந்து அந்தக் கல் மண்டபத்துள் அடியெடுத்து வைத்ததும் உள்ளங்கால் குளிர்கின்றது. தூண்களிலுள்ள சிற்பங்களைப் பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் ஒரு மணி நேரம் கழிவது தெரியாது.

அண்மையிலேயே கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உள்ளது. செவ்வாய்க்கிழமைகளிற் சைவரும் பௌத்தரும் கூட அங்கே மெழுகுவர்த்தி ஏற்றக் காணலாம். 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, குண்டுத் தாக்குதலுக்கு இலக்கான தேவாலயங்களுள் இதுவும் ஒன்று. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே திருத்தப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. வளர்ந்த பிள்ளைகளுக்கு இச்செய்தியை அவ்விடத்திலேயே அமைதியாக எடுத்துக் கூறலாம். மாண்டோரை நினைந்து சிறிது நேரம் நிற்பதும் ஓர் உலாவின் பகுதியாகத் தக்கதே.

பின்னர்ப் புனித லூசியா பேராலயம். கொழும்பு அதிமேற்றிராணியாரின் ஆசனக் கோவில் இதுவே. இதன் பெருங் குவிமாடத்தைக் கீழே நின்று அண்ணாந்து நோக்கும் பிள்ளை, வாய் திறந்தபடி சிறிது நேரம் பேச மறந்துவிடும்.

அடுத்து ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயம். 1749ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டு 1757ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. சிலுவை வடிவினது, சுவர்கள் ஏறத்தாழ 5 அடிப் பருமனுடையவை. ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது அப்பெயரின் பொருள். இலங்கையில் ஓநாய் ஏது? அக்காலத்தில் அச்சதுப்பு நிலத்தில் ஊளையிட்ட நரிகளையே ஐரோப்பியர் ஓநாயென்று மயங்கினர் என்பர். இக்கதையைச் சொன்னால், வீடு திரும்பும் வரை இளைய பிள்ளைகள் நரியாகவே ஊளையிடுவர் என்று பெற்றோரை எச்சரித்து வைக்கிறோம்.

இத்தனைக்கும் நுழைவுச் சீட்டு ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. கோவிலுக்கு ஓர் அருச்சனை, உண்டியலில் ஒரு நாணயம், வழியிற் செவ்விளநீர் ஆகியவற்றோடு செலவு முடிந்துவிடும்.

தெற்கே வருவோர்க்கு

கொட்டாஞ்சேனையார் தெற்கு நோக்கி வரும்பொழுது கடல் வலப்புறம் இருக்கும். வெள்ளவத்தை என்னும் பெயர் சிங்களத்தில் மணற் பரப்பையும் தோட்டத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. நிலையத்தில் இறங்கியதும் அம்மணலைக் காணலாம். ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் இக்கடல் சீற்றங் கொள்ளும். கரையெங்கும் பாறைகளும் உள்ளன. ஓகஸ்ட் விடுமுறையில் வருவோர் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடாது, கரையிலேயே விளையாடச் செய்தல் வேண்டும். புகையிரதப் பாதையைக் கடக்கும்பொழுது சிறுவர் கையை விடுதல் ஆகாது.

வெயில் ஏறியதும் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம். இதற்குச் சீட்டு உண்டு. ஆகையால் இதனையே அன்றைய தினத்தின் ஒரேயொரு கட்டணக் காட்சியாகக் கொள்ளுதல் நன்று. இதன் வரலாறும் சுவையானது. ஜோன் ஹாகன்பெக் என்னும் ஜேர்மானியர் 1920களில், ஐரோப்பிய மிருகக்காட்சிசாலைகளுக்கு அனுப்பவிருந்த விலங்குகளைத் தங்க வைக்க அமைத்த இடமே இது. 1936ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் முறிந்ததும் அரசாங்கம் பொறுப்பேற்றது. கப்பலேற வந்த விலங்குகளின் தங்குமடம் இவ்வாறு கொழும்புப் பிள்ளைகளின் சொத்தாயிற்று.

வாசிப்பில் நாட்டமுள்ள பிள்ளைகளை வெள்ளவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு அழைத்துச் செல்லலாம். 1942ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இச்சங்கத்தின் நூலகத்தில், மழைநாட் பிற்பகல் ஒன்றை இனிதே கழிக்க இயலும். வேறு நாளில் கொழும்பு நூதனசாலைக்குச் செல்வதாயின், ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் 1877ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட அவ்வெண்ணிற மாளிகையிற் கண்டி மன்னரின் அரியாசனத்தைக் காணலாம். அருகிலுள்ள விகாரமகாதேவி பூங்காவில் கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம்.

கட்டணமில்லாக் கேளிக்கை கொழும்புத் தமிழர்க்குப் புதியதன்று. ஆடிவேல் விழாக் காலத்தில், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வேல் இரதம் வரும். கரும்புக் கட்டும் வளையற் கடையும் ஊதுகுழலும் வீதியை நிறைக்கும். தமிழரோடு சிங்களக் குடும்பங்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கொண்டு வந்து நிற்பர். 1983ஆம் ஆண்டு யூலை வன்செயல் இவ்விழாக் காலத்திலேயே இந்நகரைத் தீயில் ஆழ்த்தியது. வெள்ளவத்தையிற் பல இல்லங்கள் எரிந்தன. அதன்பின் நெடுங்காலம் தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளைத் தெருவில் விடவே அஞ்சினர். அந்த அச்சத்தை நினைவிற் கொண்டுள்ள பாட்டன்மாருக்கு, பேரப்பிள்ளை நகரிற் கவலையின்றிச் சுற்றி வருவதே பெருங் காட்சியாகும்.

சில நடைமுறை யோசனைகள்

முன்னர்க் கூறிய அச்சகக்காரரின் இல்லத்தில் இப்பொழுது ஒரு பிஸ்கட் தகரம் உண்டியலாக இருக்கின்றது. சம்பள நாளில் தந்தையும், காய்கறிச் சந்தையில் மிஞ்சிய சில்லறையைத் தாயும் அதிலிடுகின்றனர். விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பாகப் பிள்ளைகளே திறந்து எண்ணுகின்றனர். எவ்வளவு இருக்கின்றதோ அவ்வளவுக்கே பயணம். அத்தொகையை வைத்து எங்கே போவதென்பதையும் அவர்களே முடிவு செய்கின்றனர். அப்பெண்பிள்ளை மீண்டும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். இப்பொழுது அவள் கேட்பது, "தகரத்தில் எவ்வளவு இருக்கிறது, அம்மா?" என்பதே.

வேறு சில யோசனைகளையும் இங்கே கூறுவோம். கட்டணமுள்ள பெரிய பூங்காவுக்கு ஆண்டுக்கொரு முறை போவதென வைத்துக் கொள்க. அதை முன்கூட்டியே பிள்ளைகளுக்கு அறிவித்துவிடுக. சனி, ஞாயிறு, போயா தினங்களைத் தவிர்த்து வார நாளிற் செல்க. குழுவினருக்குக் கழிவு உண்டா என்று முன்பே விசாரித்து, அயல் வீட்டாரோடு சேர்ந்து வான் வண்டியின் வாடகையைப் பகிர்ந்து கொள்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்று தான் விரும்பியதை வாங்க ஒரு சிறு தொகையைக் கையிலேயே கொடுத்துவிடுக. தன் கைப்பணம் என்றால் ஐஸ்கிறீமா பலூனா என்று பிள்ளையே நெடுநேரம் ஆராயும், பெற்றோரை நச்சரியாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கட்டுச்சோறு சிக்கனமானது, ஆனால், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறும் தாயாருக்கு அது விடுமுறையாகுமா? கணவர் தேங்காய் துருவ, பிள்ளைகள் போத்தல்களில் நீர் நிரப்ப, வேலையைப் பங்கிட்டுக் கொள்ளல் வேண்டும். மீதப்படும் பணம் ஒருவரின் முதுகு வலியிலிருந்து வருமாயின் அது சிக்கனமாகாது.

காலிமுகத்து மாலை

எத்திசை சென்றவராயினும் மாலையில் வந்து சேர வேண்டிய இடம் காலிமுகத்திடல். பட்டங்கள் வானை நிறைக்கும் வேளை அது. கச்சான், இறால் வடை, உப்பும் மிளகாய்த் தூளும் தூவிய அன்னாசி ஆகியவற்றின் வாசனை காற்றோடு வரும். 2022ஆம் ஆண்டில், விலைவாசியைத் தாங்க மாட்டாத மக்கள் கூடாரமடித்து நீதி கேட்டதும் இத்திடலிலேயே. இன்று அதே புல்வெளியிற் பிள்ளைகள் ஓடுகின்றனர். அப்பால், கடலை நிரப்பி உண்டாக்கிய 269 ஹெக்ரேயர் நிலத்தில் துறைமுக நகரம் எழுகின்றது. அங்கே எவ்வகைக் கேளிக்கைகள் எவ்விலைக்கு வருமோ, காலந்தான் கூறும்.

இத்திடலின் கடலோர நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டில் தொடக்கி 1859ஆம் ஆண்டில் முடித்தார். அதன் நினைவுக் கல்லில் ஒரு வேண்டுகோள் பொறிக்கப்பட்டுள்ளது. கொழும்பு நகரத்துப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதனைப் பேணுமாறு, தமக்குப் பின் வரும் ஆளுநர்களை அவர் அதிற் கேட்டுக் கொள்கிறார். ஆளுநர் ஆட்சி மறைந்து நெடுங்காலமாயிற்று. எனினும் அவ்வேண்டுகோள் இன்னும் பொருந்துகின்றது. நகரை ஆள்வோர், சீட்டு இல்லாத இத்தகைய இடங்களைச் சுருங்க விடாது காத்தல் வேண்டும். இல்லத்தாராகிய நாம் செய்யத்தக்கது அவ்விடங்களுக்குப் போவதே. மக்கள் நடமாட்டம் அற்ற திடலையும் பூங்காவையும் விலைக்குக் கேட்போர் விரைவில் வந்துவிடுவர். வருகின்ற விடுமுறையில் பிள்ளைகள் கேட்டால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் புகையிரத நேரத்தைப் பாருங்கள்.